எந்த லேனில் எவ்வளவு உயரம்? ஸ்காகிட் ஆற்றுப் பாலம் விழுந்த நிகழ்வின் ஆய்வு

2013 மே 23, வியாழக்கிழமை, மாலை ஏழு மணியைத் தாண்டிய நேரம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரில், மவுண்ட் வெர்னன், பர்லிங்டன் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே ஓடுகிறது ஸ்காகிட் ஆறு. அதைக் கடக்கும் ஐ-5 நெடுஞ்சாலைப் பாலத்தின் ஒரு கண், அதாவது இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள பகுதி, முழுதாக ஆற்றுக்குள் விழுந்தது. விழுந்த பகுதியின் நீளம் 160 அடி, அதாவது 49 மீட்டர். ஒரு பிக்கப் வண்டியும் ஒரு காரும் அதோடு சேர்ந்து தண்ணீருக்குள் போயின. அவற்றில் இருந்த 3 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். யாரும் சாகவில்லை. நாளொன்றுக்கு சுமார் 71,000 வண்டிகள் போய்வரும் பாலம் அது. மூன்று பேரோடு போனது பெரிய அதிர்ஷ்டம்.

வெள்ளமோ நிலநடுக்கமோ காரணம் இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து வாஷிங்டன் மாநிலத்தின் தென்கோடியில் உள்ள வான்கூவர் ஊருக்கு ஒரு டிரெய்லர் லோடு போய்க்கொண்டிருந்தது. துளையிடும் இயந்திரங்களோடு சேர்ந்த பெரிய இரும்புக் கூடு அது. கேசிங் ஷெட் என்பார்கள். அதன் வலப்பக்க மேல்மூலை பாலத்தின் மேல்சட்டங்களில் இடித்தது. டிரெய்லர் பாலத்தைக் கடந்து போய் நின்றுவிட்டது. பின்னால் பாலம் இல்லை.

கனரக இயந்திரங்களைச் சாலையில் கொண்டு போவதைப் பற்றி யோசிக்கும்போது இந்த நிகழ்வைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இதில் விதியை அப்பட்டமாக மீறியவர் என்று ஒருவரைக் காட்டுவது கடினம். பெரிய லோடுக்கான பர்மிட் இருந்தது. வழி பார்த்து எச்சரிக்கும் பைலட் வண்டி முன்னால் போனது. அந்த வண்டியில், மேலே இடிக்குமா என்று தட்டிப் பார்க்கும் உயரக் கம்பி சரியான அளவில் நிறுத்தப்பட்டிருந்தது. ஓட்டுநர் அனுபவசாலி. சாலை பகல் வெளிச்சத்தில் இருந்தது. இத்தனையும் இருந்தும் பாலம் விழுந்தது.

பாலத்தின் வடிவம்

1955-இல் கட்டப்பட்ட இரும்பு ட்ரஸ் பாலம் அது. இரண்டு பக்கமும் இரும்புச் சட்டகச் சுவர்கள் எழும்பி நிற்க, நடுவில் நான்கு லேன் சாலை ஓடும். தலைக்கு மேலே அந்த இரண்டு சுவர்களையும் குறுக்குச் சட்டங்கள் இணைக்கும். வண்டி பாலத்தின் மேலே போகிறது என்பதைவிட, ஒரு இரும்புக் கூண்டுக்குள் நுழைந்து வெளியே வருகிறது என்று சொல்வதே பொருத்தம்.

இந்தக் குறுக்குச் சட்டங்கள் நேர்க்கோடாக இல்லை. வளைவாக இருந்தன. சாலையின் நடுப்பகுதிக்கு மேலே உயரம் 17 அடிக்கும் கூடுதல். ஓரத்துக்குப் போகப் போக வளைவு இறங்கி, வெளி லேனின் விளிம்புக்கு மேலே 15 அடிக்கும் குறைவாகிவிடும். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுபவை. மெதுவாகப் போகும் பெரிய வண்டி வழக்கமாக வலது லேனில், அதாவது வெளி லேனில்தான் போகும். எந்த லேனில் உயரம் குறைவோ அந்த லேனில்தான் உயரமான வண்டி ஓடும் என்ற நிலை அந்தப் பாலத்தில் 58 ஆண்டுகளாக இருந்தது. பாலத்துக்கு முன்னால் உயரத்தைச் சொல்லும் எச்சரிக்கைப் பலகையும் இல்லை. 'உயர லோடு இடது லேனில் செல்லவும்' என்று ஒரு பலகைகூட இல்லை.

முந்தைய காலத்திலும் உயரமான லோடுகள் இந்தச் சட்டங்களில் உரசியிருக்கின்றன. சட்டங்களில் நெளிவும் கீறலும் இருந்ததைப் பால ஆய்வாளர்கள் பார்த்து எழுதியும் வைத்திருந்தார்கள். உரசிய தடம் இருக்கிறது என்றால் அங்கே உயரம் போதவில்லை என்று பாலமே காட்டிக்கொடுக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் அந்தக் குறிப்பு பராமரிப்புக் கோப்பில் தங்கிவிட்டது. பர்மிட் கொடுக்கும் மேசைக்கு வந்து சேரவில்லை. இந்த விபத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

அளவுகள்

பர்மிட்டில் எழுதியிருந்த லோடின் உயரம் 15 அடி 9 அங்குலம் (4.80 மீட்டர்). விபத்துக்குப் பின் விசாரணையாளர்கள் கணித்த உண்மை உயரம் 15 அடி 11 அங்குலம் (4.85 மீட்டர்). பைலட் வண்டியின் கம்பி நின்ற உயரம் 16 அடி 2 அங்குலம் (4.93 மீட்டர்).

இரண்டு அங்குல வித்தியாசத்தைப் பார்த்ததும், லோடு கூடுதல் உயரம், அதனால்தான் இடித்தது என்று முடிவு கட்டத் தோன்றும். அது தவறு. பர்மிட்டில் எழுதிய 15 அடி 9 அங்குலத்திலேயே லோடு இருந்திருந்தாலும், அந்த லேனில் அந்த மூலை இடித்திருக்கும். வெளி விளிம்பில் 15 அடிகூட இல்லையே. அதே லோடு, அதே 15 அடி 11 அங்குலத்தோடு, இடது லேனில் போயிருந்தால் சட்டத்தில் படாமல் கடந்திருக்கும்.

'இந்தப் பாலத்தின் உயரம் என்ன?' என்பதே அரைகுறைக் கேள்வி. எந்த லேனில், அந்த லேனின் எந்த ஓரத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பயனுள்ள பதில் கிடைக்கும். லோடு ஒரு புள்ளி கிடையாது, அதற்கு அகலம் உண்டு. பெரிய இயந்திரங்களில் மிக உயரமான இடம் நடுவிலும் இருக்கலாம், ஓரத்திலும் இருக்கலாம். இந்தக் கூடு பெட்டி வடிவம் என்பதால் உயரம் மூலை வரைக்கும் குறையாமல் போனது. வளைந்த சட்டத்துக்கு அடியில் இதைவிட மோசமான வடிவம் கிடையாது.

பர்மிட் எதற்குப் பொறுப்பு?

வாஷிங்டன் மாநிலத்தில் அப்போது பெரிய லோடுக்கான பர்மிட்டை இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். அளவுகளையும் வழியையும் பதிவு செய்தால் பர்மிட் வந்துவிடும். ஒரு பொறியாளர் உட்கார்ந்து அந்த வழியில் உள்ள ஒவ்வொரு பாலத்தையும் அந்த லோடோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. வழியில் உள்ள உயரங்களுக்கு மாநிலம் உத்தரவாதம் தராது, லோடு ஏற்றுபவரே சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பாலங்களின் உயரப் பட்டியலையும் மாநிலமே வெளியிட்டிருந்தது.

சட்டப்படி பார்த்தால் மாநிலத்தின் மேல் குறை சொல்ல முடியாது போலத் தெரியும். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கும்? அரசு முத்திரையோடு, வழியின் பெயரும் லோடின் உயரமும் ஒரே தாளில் அச்சாகி வந்தால், அந்த உயரத்துக்கு அந்த வழி சரி என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். அடியில் இருக்கும் பொறுப்புத் துறப்பு வரியை மாலை ஏழு மணிக்கு ஸ்டியரிங்கில் இருப்பவர் நினைத்துப் பார்ப்பாரா? மாநிலம் லாரிக் கம்பெனி பார்க்கும் என்று நம்பியது. கம்பெனி பர்மிட்டை நம்பியது. ஓட்டுநர் பைலட்டை நம்பினார். லோடின் உயரத்தையும் வெளி லேனின் உயரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அந்தச் சங்கிலியில் ஒருவர்கூட இல்லை. பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை.

பைலட் வண்டியும் கம்பியும்

உயரக் கம்பி மிக எளிய கருவி. வளையக்கூடிய நீண்ட கம்பியை பைலட் வண்டியின் முன்னால் நட்டு, லோடின் உயரத்தைவிடச் சில அங்குலம் கூட்டி வைப்பார்கள். கம்பி எங்கேயாவது தட்டினால், பைலட் உடனே ரேடியோவில் பின்னால் வருபவருக்குச் சொல்ல வேண்டும். அவர் நிறுத்த வேண்டும்.

அன்று கம்பி பாலத்தின் சட்டங்களில் நான்கைந்து முறை தட்டியதைத் தான் பார்த்ததாகச் சாலையில் வந்த ஒருவர் விசாரணையில் சொன்னார். பைலட் வண்டியை ஓட்டியவர், தட்டவில்லை என்றார். அந்த நேரத்தில் அவர் கைபடாமல் பேசும் வசதியில் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். சொந்த விஷயமான அழைப்பு. விபத்தை விசாரித்த அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்தப் பேச்சால் வந்த கவனச்சிதறலை விபத்தின் காரணங்களில் ஒன்றாகவே எழுதியது.

இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தால் போனில் பேசுவது பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பைலட் வேலைக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. பைலட்டின் முழு வேலையே ஒரு மெல்லிய கம்பியைப் பார்ப்பதும் அது எழுப்பும் சத்தத்தைக் கேட்பதும்தான். காதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டால், கம்பி இருந்தும் இல்லாததுதான்.

அப்புறம் இடைவெளி. டிரெய்லர் பைலட் வண்டிக்கு மிக நெருக்கமாக வந்துகொண்டிருந்தது என்பதும் விசாரணையில் வந்தது. பொதுவான ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். கம்பி தட்டியதை பைலட் உணர்ந்து, ரேடியோவை அழுத்தி, ஒரு வார்த்தை சொல்லி முடிக்க இரண்டு மூன்று நொடி. கேட்டவர் புரிந்துகொண்டு பிரேக்கில் கால் வைக்க இன்னும் இரண்டு நொடி. அதற்குள் நூறு மீட்டர் போயிருக்கும். பாரம் ஏற்றிய டிரெய்லர் பத்திரமாக நிற்க அதற்கு மேல் எண்பது, நூறு மீட்டர் வேண்டும். ஆக 200 மீட்டருக்குக் குறைந்த இடைவெளியில் பைலட் எச்சரித்தாலும் பயனில்லை. இடைவெளி அதிகமானால் நடுவில் மற்ற வண்டிகள் புகுந்துவிடும் என்பது ஓட்டுநர்களின் நியாயமான கவலை. அதற்கு வழி வேகத்தைக் குறைப்பதுதான். பாலத்தை நெருங்கும்போது வேகத்தைப் பாதியாக்கினால் பிரேக் தூரம் கால்பங்காகிவிடும்.

இடப்பக்கம் வந்த லாரி

பாலத்தை நெருங்கிய நேரத்தில் இன்னொரு பெரிய லாரி இடது லேனில் பக்கத்தில் வந்தது. அது தன்னை நெருக்கியதால் வலப்பக்கம் ஒதுங்கியதாக டிரெய்லர் ஓட்டுநர் சொன்னார். சாதாரண லோடாக இருந்தால் அது நல்ல பழக்கம், பெரிய வண்டிக்குச் சற்று இடம் விடுவது. இந்தப் பாலத்தில் வலப்பக்கம் ஒவ்வொரு அடி ஒதுங்கும்போதும் தலைக்கு மேல் சட்டம் கீழே இறங்கிக்கொண்டே வந்தது.

லேன் முடிவைப் பாலத்தின் வாயிலில் வந்து எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். இடது லேனில்தான் போக வேண்டும் என்று புறப்படும் முன்பே தெரிந்திருந்தால், பைலட் ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே இடது லேனைப் பிடித்திருப்பார். தேவையென்றால் பின்னால் ஒரு பைலட் வண்டியும் வந்து அந்த லேனை அடைத்துக் கொடுத்திருக்கும். முந்தும் லாரிக்கு அங்கே இடமே இருந்திருக்காது.

ஒரு மூலை இடித்ததற்குப் பாலமே விழுமா?

விழும். காரணம் அந்தக் குறுக்குச் சட்டங்கள் சும்மா இல்லை. ட்ரஸ்ஸின் மேல் விட்டம், அதாவது பக்கச் சுவரின் உச்சியில் நீளவாக்கில் ஓடும் இரும்பு, எப்போதும் அழுத்தத்தில் இருக்கும். ஒரு மெல்லிய இரும்பு ஸ்கேலின் இரண்டு முனையையும் பிடித்து உள்பக்கம் அழுத்தினால் அது உடையாது, பக்கவாட்டில் வளைந்து துள்ளும். மேல் விட்டமும் அப்படித்தான். அது பக்கவாட்டில் வளைந்துவிடாமல் பிடித்து நிறுத்துவதில் குறுக்குச் சட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. லோடு சட்டத்தை இடித்து இழுத்தபோது அது தன்னோடு மேல் விட்டத்தையும் இழுத்து நெளித்தது. நெளிந்த விட்டத்தால் பாரத்தைத் தாங்க முடியவில்லை.

இந்த வகைப் பாலத்தில் சில முக்கிய உறுப்புகளில் ஒன்று போனாலும் பாரத்தை வேறு வழியில் கடத்த மாற்று உறுப்பு கிடையாது. 1950-களில் இரும்பைச் சிக்கனமாகப் பயன்படுத்திக் கட்டிய முறை அது. ஒரே ஓட்டத்தில் டிரெய்லர் பல சட்டங்களில் இடித்தது. ஆனால் விழுந்தது வடக்குப் பக்கத்து முதல் கண் மட்டும்.

விசாரணை சொன்னது

வாரியம் 2014-இல் அறிக்கையை வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், பைலட்டோடு கதையை முடித்துவிடாதது. பெரிய லோடுகளைப் பத்திரமாகக் கொண்டு போகும் ஏற்பாடே தோற்றுவிட்டது என்று அது சொன்னது. கம்பெனியும் ஓட்டுநரும் வழியைச் சரியாகத் திட்டமிடவில்லை, மாநிலம் பர்மிட் விண்ணப்பத்தைப் போதுமான அளவு சோதிக்கவில்லை, பைலட் போனில் கவனம் சிதறினார் என்று எல்லாவற்றையும் சேர்த்தே எழுதியது. எச்சரிக்கைப் பலகை இல்லாததையும் குறிப்பிட்டது.

என் பார்வையில் இவற்றில் முதலிடம் வழித் திட்டத்துக்குத்தான். மற்ற எல்லாம் நொடிகளில் நடப்பவை, மனிதர் சறுக்கக்கூடியவை. வழித் திட்டம் மட்டும்தான் மேசையில் உட்கார்ந்து, நேரம் எடுத்து, திரும்பத் திரும்பச் சரிபார்க்கக்கூடிய வேலை. அங்கே ஒரு மணி நேரம் செலவழித்திருந்தால் பைலட் போனில் பேசியிருந்தாலும் பாலம் நின்றிருக்கும்.

பொக்லைன் ஏற்றும்போது

இது ஏதோ எண்ணெய்க் கிணற்றுக் கூடு, நமக்கென்ன என்று கட்டுமான இயந்திரம் ஏற்றுபவர்கள் நினைக்க வேண்டாம். 2016 ஆகஸ்ட் 27 அன்று இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், எம்20 நெடுஞ்சாலையில், லாரியில் ஏற்றியிருந்த பொக்லைன் ஒரு நடைபாலத்தில் மோதி, பாலத்தின் ஒரு பகுதி சாலையில் விழுந்தது. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் காயத்தோடு தப்பினார். அந்த லாரி போனதும் ஓரப் பட்டையில்தான், பிரதான லேனில் இல்லை.

20 டன் வகை பொக்லைனைப் பொறுத்தவரை, பூமை (பக்கெட்டைத் தாங்கும் கையின் மேல்பகுதியை) மடக்கி வைத்த நிலையில் தரையிலிருந்து அதன் உயரம் ஏறக்குறைய 3 மீட்டர் வரும். அதை ஏற்றும் தாழ்தள டிரெய்லரான லோ-பெட்டின் தளம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவோ கூடுதலாகவோ இருக்கும். மொத்தம் 4 மீட்டர் பக்கம். ஆனால் இது தயாரிப்பாளர் காட்டும் முறையில் பூமும், அதன் முனையில் உள்ள ஆர்மும் மடங்கியிருந்தால் மட்டும். ரேம்பில் ஏறிய அவசரத்தில் பக்கெட்டை வேறு கோணத்தில் வைத்தால், பூமின் முழங்கை அரை மீட்டர்கூட மேலே போய்விடும். பக்கெட்டுக்குப் பதில் பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டிய வண்டி என்றால் மடக்கும் விதமே மாறும். அதனால் ஏட்டில் உள்ள உயரத்தை நம்பக் கூடாது. ஏற்றி, மடக்கி, செயின் போட்டு இறுக்கிய பிறகு, சமதரையில் நிறுத்தி, மிக உயரமான இடத்தை அளவுகோல் வைத்து அளக்க வேண்டும். அந்த எண்ணைத்தான் பர்மிட்டிலும் எழுத வேண்டும், கேபினில் ஓட்டுநர் கண்ணில் படும்படியும் ஒட்ட வேண்டும்.

கட்டுவதைப் பற்றி அமெரிக்க விதி தெளிவாக இருக்கிறது. 10,000 பவுண்டுக்கு (4,536 கிலோ) மேல் எடையுள்ள சக்கரத்திலோ செயின் பட்டையிலோ ஓடும் இயந்திரத்துக்குக் குறைந்தது நான்கு கட்டு வேண்டும். பூம், பக்கெட் போன்ற உறுப்புகளை இறக்கி வைத்து அவற்றையும் தனியாகக் கட்ட வேண்டும். எல்லாக் கட்டுகளின் தாங்கும் திறனைக் கூட்டினால் இயந்திரத்தின் எடையில் பாதிக்குக் குறையக் கூடாது. இந்த 'பாதி' என்பது குறைந்தபட்சம். முன்பக்கம் தள்ளும் விசைக்கு எடையில் 0.8 பங்கு வரை கட்டு ஈடுகொடுக்க வேண்டும் என்பதும் அதே விதித்தொகுப்பில் உண்டு. சடாரென்று பிரேக் போட்டால் இயந்திரம் கேபினை நோக்கித்தான் வரும். உயரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பூம் கட்டப்படாமல் இருந்தால் குலுக்கலில் மேல்பகுதி கொஞ்சம் திரும்பினாலே, நடுவில் இருந்த உயரமான இடம் ஓரத்துக்குப் போய்விடும். ஸ்காகிட்டில் அந்த ஓரம்தான் இடித்தது. மேல்பகுதி திரும்பாமல் பிடிக்கும் சுழல் பூட்டைப் போட்டு, பூமைத் தனிச் செயினால் இறுக்குவது அதற்காகவும்தான்.

நம் ஊரில் மின்மயமாக்கிய ரயில் பாதைக் கேட்டுகளில் இருபுறமும் உயரச் சட்டம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உயரமான லோடு கம்பியைத் தொடும் முன்பே அந்தச் சட்டத்தில் தட்டி நின்றுவிடும். ஸ்காகிட் பாலத்துக்கு முன்னால் அப்படி ஒன்றும் இல்லை. அங்கே பாலமேதான் உயரச் சட்டமாக இருந்தது.

பின்னர்

ஐ-5 மேற்குக் கடற்கரையில் கனடா எல்லை வரை ஓடும் முதன்மைச் சாலை. அது அறுந்ததும் வண்டிகள் மவுண்ட் வெர்னன், பர்லிங்டன் ஊர்த் தெருக்கள் வழியாகத் திருப்பிவிடப்பட்டன. 2013 ஜூன் 19-இல், நாலு வாரத்துக்குள், தற்காலிக இரும்புப் பாலம் திறந்தது. பெரிய லோடுகளுக்கு மட்டும் அதில் அனுமதி இல்லை. நிரந்தரக் கண்ணைப் பக்கத்திலேயே கட்டி முடித்து, செப்டம்பர் நடுவில் ஒரே இரவில் சாலையை மூடி, பழையதை நகர்த்திவிட்டுப் புதியதை அந்த இடத்தில் தள்ளி வைத்தார்கள். புதிய கண்ணில் தலைக்கு மேல் சட்டமே இல்லை. மீதி ட்ரஸ் கண்களில் வளைந்த குறுக்குச் சட்டங்களை வெட்டி எடுத்து, நேரான சட்டங்களைப் பொருத்தும் வேலை அதே ஆண்டு நவம்பரில் முடிந்தது. இப்போது எல்லா லேன்களிலும் உயரம் 18 அடி.